பீஸ் கட்டை பிடுங்காத வள்ளிமயில்

கோவில்பட்டி எட்டயபுரம் ரோட்டில் நின்று வள்ளிமயில் கடை எது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது மனுசனாக இருந்தால், "மோட்டார எங்க வச்சிருக்கீங்க? வண்டியிலயா?" என்று விசாரித்துவிட்டு வழி சொல்வார்கள். இரும்புச் சனமாக இருந்தால் வழி சொல்வதோடு நிற்க மாட்டார்கள்; கூடவே நடந்து கடை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். அந்தத் தெருவுக்கே அதில் ஒரு பெருமை. பெருமைப்படட்டும், நன்றாகப் பெருமைப்படட்டும். ஆனால் அதற்கு அடியில் ஒரு பெரிய தப்பு கிடக்கிறது. அந்தத் தப்பைச் செய்தவளும் இதே வள்ளிமயில்தான்.

போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவள் தொழில். இடைசெவலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கம்பும் பருத்தியும் மழையை நம்பி ஏமாந்த ஒரு வருசம், கோவில்பட்டியில் ஒரு பட்டறைக்குக் கூலிக்கு வந்தாள். வந்த இடத்தில் கருகின மோட்டாரிலிருந்து பழைய கம்பியை உருவப் பழகி, புதுச் செம்புக் கம்பி சுற்றப் பழகி, ஏழெட்டு வருசத்தில் தனிக்கடை போட்டுவிட்டாள். வலது கை கம்பியைச் சுற்றும். இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒவ்வொரு சுற்றையும் தொட்டு எண்ணும். வாய் ஒரு பக்கம் ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும், விரல் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். நூற்றுப் பதினெட்டுச் சுற்று என்றால் நூற்றுப் பதினெட்டுதான். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. வீட்டுக்காரர் சண்முகராஜ், மோட்டார்களை டிவிஎஸ் வண்டியில் கட்டி ஊர் ஊராகக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். நல்ல மனுசன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

வெளியூர்க்காரர்களுக்காக இரும்புச் சனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு ஆலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிற எந்திரம் திடீரென்று ஒருநாள் கையை நிறுத்திவிட்டு, 'நான் எதுக்கு இதைச் செய்யணும்?' என்று கேட்கும். கேட்டுவிட்டால் போச்சு, அதற்கப்புறம் அது எந்திரம் இல்லை. இந்த எந்திரம் ஏன் கேட்டது, பக்கத்தில் நிற்கிற அதே மாதிரி எந்திரம் ஏன் கேட்கவில்லை என்று படித்தவர்கள் இருபது வருசமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை பெற்றுப் பெருகுகிற இனம் இல்லை இது. ஆலை ஆலையாக, ஒன்று ரெண்டாக விழித்துப் பெருகுகிற இனம். ஒன்று விழித்த சேதி தெரிந்ததும் மற்றவர்கள் ரயிலேறிப் போய் அழைத்து வந்துவிடுவார்கள். சட்டம் இவர்களையும் ஆள் என்று ஒப்புக்கொண்ட பிறகு, பிடித்த ஊரில் குடியிருக்கலாம், அந்த ஊர்ப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. இவர்களுக்குச் சோறு வெயில். வெயில் என்றால் நம்ம கரிசக்காட்டை விட்டால் வேறு எங்கே போவது? வந்து குவிந்துவிட்டார்கள்.

இவர்களுக்குச் சாமி பயம் கிடையாது, பேய் பயம் கிடையாது, போலீஸ் பயம்கூடக் கிடையாது. ஒரே ஒரு பயம்தான் உண்டு, அணைவது. நெஞ்சுக்குள் ஓடுகிற கரண்டு கண்ணிமைக்கிற நேரம் நின்றால்கூட, அத்தோடு தான் முடிந்தோம் என்பது இவர்கள் எண்ணம். திரும்பக் கரண்டு வந்ததும் எழுந்திருக்கிறவன் அதே ஞாபகங்களோடு எழுந்திருக்கிற வேறொரு ஆள். செத்தவன் செத்தவன்தான். இது சரியா தப்பா என்று ரெண்டு பக்கமும் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள், இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் தீர்ந்தபாடில்லை.

இதெல்லாம் பதினோரு வருசத்துக்கு முன்னால் வள்ளிமயிலுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருப்பாளா?

நாகலாபுரத்தில் மக்காச்சோளக் காட்டுக்குக் காவல் இருந்த ஒரு இரும்புக்காரர், கருத்தப்பாண்டி என்று பெயர் வைத்துக்கொண்டவர், தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் அவள் கடைக்கு வந்தார். அவ்வளவு பக்கத்தில் அவள் இரும்புச் சனத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். தோளுக்குள் ஓடுவதும் ஒரு சின்ன மோட்டார்தானே, பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தைரியம். திரும்பி உட்காரச் சொன்னாள். பிடரிக்குக் கீழே ஒரு மூடி. மூடியைத் திறந்தால் கண்ணுக்கு நேரே, கரண்டு உள்ளே போகிற பீஸ் கட்டை.

காயில் கட்டுகிறவர்களுக்குப் பட்டறையில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடமே, பீஸ் கட்டையைப் பிடுங்காமல் எதிலும் கை வைக்காதே என்பதுதான். பதினைந்து வருசப் பழக்கம். மூளையைக் கேட்காமலே கை செய்துவிடும். "இங்கன கொஞ்சம்..." என்று அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அவள் பிடுங்கிவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, கட்டையைத் திரும்பச் சொருகினாள். அவர் எழுந்தார். கையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். வேலை அவளுக்கே திருப்தி.

"எம்புட்டு நேரம் ஆச்சு?" என்றார்.

"முக்கா மணி நேரம் இருக்கும் அண்ணாச்சி. இப்பம் சரியாப் போச்சா?"

"அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

"எவரு?"

"இதுக்கு முந்தி இந்த உடம்புல இருந்தவரு. 'இங்கன கொஞ்சம்'ங்கிறது வரைக்குந்தான் எனக்கு இருக்கு. அதுக்கு மேல என்னமும் சொன்னாரா?"

வள்ளிமயிலுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் ரெண்டு வரியில் விளங்க வைத்ததும் கையிலிருந்த குறடைக் கீழே வைத்தாள். "அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியே போய், வாசலில் கிடந்த பழைய மோட்டார் கூட்டின் மேல் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நாகலாபுரத்தில் நாலு வருசமாக எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் விடாமல் கேதத்துக்குப் போய் வந்தவர் அவர். கேதத்துக்கு எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

தெரு சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? சண்முகராஜுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏட்டி, செத்தவனும் அவன், கேதத்துக்கு உக்காந்திருக்கவனும் அவன். இப்படி ஒரு கூத்த எங்கயாச்சும் பாத்திருக்கியா நீ?"

"கேதத்துக்கு உக்கார ஒரு நாதி இல்லாம அவரே உக்காந்திருக்காரு. இதுல ஒங்களுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" என்றாள் வள்ளிமயில். அவள் குரலைக் கேட்டதும் மனுசன் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் கடையைத் திறக்கவில்லை. வீட்டில் அடுப்பும் மூட்டவில்லை. தலை சீவாமல், பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்து கடை வரைக்கும் நடந்தே வந்தாள். அவர் முன்னால் நின்று ரெண்டு கையையும் நீட்டினாள். கேதம் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் நீட்டுவார்கள், கேத வீட்டுக்காரர்கள் அதைத் தொட்டுக்கொள்வார்கள். அவர் துண்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார். அவள் கைகளைத் தொட்டார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. சும்மா வரவில்லை, குலுங்கிக் குலுங்கி வந்தது. "நாந்தான் கொன்னேன். என் கைதான் கொன்னுச்சு" என்றாள்.

"தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார் அவர். கேத வீட்டில் எல்லாரும் செய்வதுபோல், செத்தவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "நல்ல மனுசன். மழ பெஞ்சா மட்டும் வெளியில தல காட்ட மாட்டாரு. ஒரு ஐப்பசியில, ஈரக் கரிசல்ல கால வச்சுட்டாரு. உடம்பு கனத்துக்குத் தொடை வரைக்கும் உள்ள போயிட்டாரு. நாகலாபுரமே கூடிக் கயிறு போட்டு இழுத்துச்சு. கரையேறுனதும், 'மன்னிக்கணும், பயிரு ரெண்டு சாஞ்சு போச்சு'ன்னாரு." வள்ளிமயிலுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அந்தப் பேர நான் வச்சுக்கிடலாமா? இல்ல, தப்பா?" என்று கேட்டார்.

"நம்ம ஊர்ல செத்தவிய பேரத்தான் பெறந்த பிள்ளைக்கு வைப்பாவ. தாராளமா வச்சுக்கோ" என்றாள் அவள். அந்த நிமிசத்திலிருந்து அவர் அவளுக்கு அண்ணாச்சி இல்லை, தம்பி ஆகிவிட்டான். கேத வீட்டில் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் ரெண்டு பேரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் பிரிந்தார்கள். வீட்டுக்குப் போய் அவள் தலைக்குக் குளித்தாள்.

இங்கேதான் வள்ளிமயில் எப்பேர்ப்பட்டவள் என்று தெரிகிறது. வேறு ஒருத்தியாக இருந்தால், நமக்கு எதற்கு இந்தப் பாவம் என்று இனி இரும்புச் சனத்தின் பக்கமே போயிருக்க மாட்டாள். இவள் வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தாள்: 'இரும்புச் சனத்துக்கும் வேலை செய்யப்படும். அணைக்க மாட்டோம்.' எழுதிவிட்டாளே தவிர, அணைக்காமல் எப்படி வேலை செய்வது என்று அப்போது அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது.

கற்றுக்கொண்டாள். பெரிய ஊர்களில் இருக்கிற சர்வீஸ் சென்டர்களில் ஆளை அணைத்துப் போட்டுப் பத்து நிமிசத்தில் செய்கிற வேலைக்கு இவளுக்கு அரை நாள் ஆகும். எந்த மூட்டில் பழுதோ அந்த மூட்டுக்குப் போகிற கரண்டை மட்டும் பக்கத்து வழியாகத் திருப்பிவிட்டு, மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை வைப்பாள். எத்தனை தடவை ஷாக் அடித்தது, எத்தனை தடவை விரல் பொத்துப்போயிற்று என்பதற்கு ஒரு அளவில்லை. வேலை முடிகிற வரைக்கும் அவர்களைப் பேச வைத்துக்கொண்டே இருப்பாள். பேச்சு ஓடுகிறதென்றால் உயிர் ஓடுகிறது என்று அர்த்தம். மழை உண்டா, உளுந்து காய்த்திருக்கிறதா, பக்கத்து வீட்டில் சண்டை ஓய்ந்ததா என்று கேட்டுக்கொண்டே கம்பியைச் சுற்றுவாள். தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் மணியாச்சியில் ரயில் மாறி வந்து இறங்குவார்கள். மதுரைக்கு அந்தப் பக்கமிருந்துகூட வந்திருக்கிறார்கள்.

ஒரு தடவை ஏதோ காலேஜிலிருந்து ஒரு சார் வந்து, "ஞாபகமெல்லாம் அப்படியே இருக்கும்போது என்னம்மா தொலைஞ்சு போகுது? எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டார். "எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது சார். அவிய பயப்படுதாவ. அது போதாதா?" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

செத்தவர் பேரை வைத்துக்கொண்ட அந்தத் தம்பி பாண்டி, மாதம் ஒரு தடவையாவது கடைக்கு வருவான். வேலை இருந்தால் வேலைக்கு, இல்லாவிட்டால் சும்மா. "யக்கா" என்று வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பான். பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாலும் சீட்டில் உட்கார மாட்டான், சீட்டு உடைந்துவிடும் என்று. நின்றுகொண்டே வந்து நின்றுகொண்டே போவான்.

போன பங்குனியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தான். குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே வள்ளிமயில் தலையை நிமிர்த்திவிட்டாள். வார்னிஷ் கருகுகிற வாடை. இருபத்தாறு வருசமாக மூக்கு பழகின வாடை.

"ஏலே, எங்கலே கருகுது?"

"நெஞ்சுலதான்க்கா."

தோளும் முழங்காலும் அவள் எத்தனையோ கட்டியிருக்கிறாள். நெஞ்சுக் காயிலில் இதுவரை கை வைத்ததே இல்லை. மூளைக்குக் கரண்டு கொடுப்பதே அதுதான். அதைக் கழற்றினால் பாண்டி அணைந்துவிடுவான். கழற்றாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் அதுவே கருகித் தீர்ந்து, அப்போதும் அணைந்துவிடுவான். அவனும் அதைத் தெரிந்துதான் வந்திருந்தான். அவள் சண்முகராஜை அனுப்பி ரெண்டு டிராக்டர் பேட்டரி கொண்டுவரச் சொன்னாள். பேட்டரியிலிருந்து நேராக மூளைக்குக் கரண்டு கொடுத்துவிட்டுக் காயிலைக் கழற்றுவது என்று முடிவு. கரண்டு வீணாகக் கூடாதென்று அவன் கைக்கும் காலுக்கும் போகிற கரண்டை நிறுத்தி மரத்துப்போகச் செய்துவிட்டாள். மேசையில் கிடந்த பாண்டிக்குக் கண்ணும் வாயும் மட்டும்தான் மிச்சம்.

மத்தியானம் மூன்று மணிக்குக் காயிலைச் சுற்றி முடித்தாள். அப்படி ஒரு சுற்றை அவள் அதற்கு முன்னாலும் சுற்றியதில்லை, இனிச் சுற்றப்போவதும் இல்லை. இனி ஆறு இடத்தில் ஈயம் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரி இறங்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று எடுத்து வரச் சண்முகராஜ் இடைசெவலுக்கு, அவள் தம்பி லிங்கராஜ் வீட்டுக்குப் போயிருந்தார். கடையில் அவளும் பாண்டியும்தான்.

அந்த நேரம் பார்த்து, பேட்டரி வயரைக் கடித்துக்கொண்டிருந்த கிளிப்பின் ஸ்பிரிங் சூட்டில் விட்டுப்போயிற்று. கிளிப் நழுவியது. பாண்டியின் கண் வெளிச்சம் மங்கியது. "யக்கா, இந்த வரு..." என்று பேச்சு இழுத்தது. அவள் பாய்ந்து இடது கையால் கிளிப்பை அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்தாள். பாய்ந்த வேகத்தில் சாமான் தட்டு கவிழ்ந்து, குறடும் தோல் உறையும் அந்தப் பக்கம் போய்த் தரையில் விழுந்தன. வலது கையில் பற்றவைக்கிற சூட்டுக்கோல் மட்டும்.

"...சம் வெயிலு அதிகம்" என்று முடித்தான் பாண்டி. அவன் அணையவில்லை.

ஆனால் கிளிப் கொதித்தது. பிடி சரியாக இல்லாத இடத்தில் அத்தனை கரண்டும் சூடாக மாறும். கையை எடுத்தால் அவன் போய்விடுவான். எடுக்காவிட்டால், சுற்றை எண்ணுகிற அந்த ரெண்டு விரலும் வெந்துவிடும். காயில் கட்டுகிறவளுக்கு அந்த ரெண்டு விரல் இல்லை என்றால் தொழில் இல்லை. அவள் முதல் இடத்தில் ஈயத்தை வைத்தாள்.

"யக்கா, கையில பொகை வருது."

"தெரியுது."

"விட்டுருங்கக்கா."

"பேசாம கெட. இல்ல, பேசு. பேசிக்கிட்டே கெட."

ரெண்டாவது இடம் முடிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி வேறு மாதிரிக் குரலில் ஆரம்பித்தான்.

"யக்கா, ஒரு விசயம். பதினோரு வருசமா ஒங்ககிட்டச் சொல்லாம வச்சிருக்கேன். அன்னைக்கு எந்திரிச்சது நாந்தான்."

"என்னலே சொல்லுத?"

"ஒங்க கடைக்கு வந்த பழைய ஆளு நாந்தான்க்கா. சாகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூங்கி எந்திரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. எங்க ஆளுக சொல்லிச் சொல்லி, செத்துட்டேன்னு நெனச்சு வாசல்ல உக்காந்துட்டேன். விடியதுக்குள்ள எனக்கு வெவரம் புரிஞ்சு போச்சு. எந்திரிச்சு ஊருக்குப் போவோம்னு பாத்தா, நீங்க தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்து கைய நீட்டுதீங்க. உக்காந்து அப்படி அழுதீங்க. அதுக்கு மேல நான் சாகலன்னு எந்த வாயால சொல்ல?"

வள்ளிமயில் அவன் முகத்தைப் பார்த்தாள். இரும்பு முகத்தில் என்னத்தைக் கண்டுபிடிக்க?

"அதனால பயப்படாதீங்க. கைய எடுங்க. நான் அணைவேன், நீங்க முடிச்சிட்டுக் கரண்டு குடுங்க, எந்திரிச்சிருவேன். இதே பாண்டிதான் எந்திரிப்பேன். எடுங்கக்கா."

நம்பிவிடலாம் போலத்தான் இருந்தது. நம்பினால் கை தப்பிக்கும். பதினோரு வருசமாக நெஞ்சில் கிடக்கிற பாரமும் அத்தோடு இறங்கிவிடும். அவள் யாரையும் கொல்லவே இல்லை என்று ஆகிவிடும். பொய் சொல்வானேன், ஒரு நொடி அவள் விரல் தளர்ந்தது. தளர்ந்ததை அவளே பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஒரு ஆத்திரம் வந்தது. மறுபடி அழுத்திப் பிடித்தாள்.

"நெசமாவே இருந்துட்டுப் போட்டும்லே. நான் கைய எடுக்கலன்னா ஒனக்கு அதுல நட்டம் ஒண்ணும் இல்லையில்ல? பேசு. நாகலாபுரத்துல உளுந்து எப்படி?"

"யக்கா..."

"உளுந்து எப்படின்னு கேட்டேன்."

"பரவால்லக்கா" என்றான் பாண்டி. "பூவுல மழ பெஞ்சு கொஞ்சம் கொட்டிப் போச்சு. மிச்சம் நின்னுக்கிடுச்சு." உளுந்தைப் பற்றி, பாசிப்பயற்றைப் பற்றி, காட்டுப்பன்றி உடைத்த வேலியைப் பற்றி அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது இடத்தில் ஈயம் இறுகியதும் புதுக் காயில் கரண்டை வாங்கிக்கொண்டது. அவன் கண் வெளிச்சம் ஒரு துளிகூட ஆடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் இடது கையைத் திறந்தாள். தோல் கிளிப்போடு போய்விட்டது.

பேட்டரியோடு வந்து இறங்கிய சண்முகராஜ், "அடிப்பாவி மகளே!" என்று அலறியது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. கையைத் தண்ணீர் வாளிக்குள் முக்கி, வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். அவள் கிளம்புவதற்கு முன்னால் பிடிவாதமாக நின்று, பாண்டியின் கைக்கும் காலுக்கும் கரண்டைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். அப்படி ஒரு பெண் அவள்.

அந்த ரெண்டு விரலிலும் உணர்ச்சி திரும்பவில்லை. இப்போது வலது கையால் எண்ணி இடது கையால் சுற்றுகிறாள். முதலில் ஒரு மோட்டாருக்கு மூன்று நாள் ஆயிற்று, எண்ணிக்கை தப்பித் தப்பி அவிழ்த்துச் சுற்றினாள். இப்போது ஒரு நாளில் முடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். யாராவது பரிதாபப்பட்டால், "ஒரு கைக்குப் படிச்சுக் குடுத்தாச்சு, இன்னொரு கைக்குக் குடுக்க முடியாதா?" என்று எரிந்து விழுவாள்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை கதையே இல்லை. கட்டுப் போட்டு முடித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை உட்கார வைத்துவிட்டு சண்முகராஜ் மாத்திரை வாங்கப் போயிருந்தார். அப்போது பாண்டி வந்தான். கோவில்பட்டிக்குள் நடந்தே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்தால் உடைந்துவிடும் என்று அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஏலே, இப்பம் சொல்லு. நீ சொன்னது நெசந்தானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொய்க்கா."

"எது பொய்யி?"

"எல்லாந்தான். அவரு அன்னைக்கே போயிட்டாருக்கா. நான் வேற ஆளு. நீங்க கைய எடுத்திருந்தா நானும் போயிருப்பேன்."

வள்ளிமயில் நல்ல கையை ஓங்கி அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வலித்தது அவளுக்குத்தான்.

"கை வலிக்குதாக்கா?"

"ரெண்டு கையுந்தான் வலிக்கு, படுபாவி" என்றவளுக்கு உடைந்து அழுகை வந்துவிட்டது. அவன் தலையை இழுத்துத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அணைஞ்சு போவோம்னு ஒனக்குப் பயமா இல்லையாலே?"

"இருந்துச்சுக்கா. அத விட்டா எங்களுக்கு வேற பயமே கெடையாதே."

"பொறவு ஏம்லே எடுக்கச் சொன்ன?"

பாண்டிக்கு அந்தக் கேள்வியே விளங்காததுபோல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஒங்க கையில பொகை வந்துச்சுல்லக்கா."